வாங்குபவரே விளம்பரதாரரும் ஆனபோது: சார்லஸ் சாச்சி குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

1978 ஆகஸ்டில் பிரிட்டனின் விளம்பரப் பலகைகளில் ஒரு சுவரொட்டி ஏறியது. வேலைவாய்ப்பு அலுவலக வாசலில் தொடங்கி வளைந்து வளைந்து நீளும் ஒரு வரிசை. அதன் மேல் ‘லேபர் வேலை செய்யவில்லை’ என்ற பொருளில் ஒரு வாசகம். ஆங்கிலத்தில் அந்தச் சொல் தொழிற்கட்சியின் பெயராகவும் உழைப்பைக் குறிக்கும் சொல்லாகவும் இருப்பதால், சிலேடை தானாகவே அமைந்துவிட்டது. படத்துக்கு நூறு பேர் தேவைப்பட்டார்கள். வந்தவர்களோ ஏறக்குறைய இருபது பேர். அவர்களும் வேலையற்றவர்கள் அல்லர். வடக்கு லண்டனின் ஹெண்டன் பகுதியைச் சேர்ந்த கன்சர்வேட்டிவ் கட்சியின் இளைஞர் பிரிவினர். அதே இருபது பேரை இடம் மாற்றி மாற்றி நிற்க வைத்துப் பலமுறை படமெடுத்து, எடுத்தவற்றை ஒட்டிச் சேர்த்து, முடிவே தெரியாத ஒரு வரிசையை உருவாக்கினார்கள். 1979 மே மாதத் தேர்தலில் அந்தக் கட்சியின் தலைவர் மார்கரெட் தாட்சர் வென்றார். அந்த வெற்றியில் சுவரொட்டியின் பங்கு எவ்வளவு என்பதை யாரும் அளந்து சொல்ல முடியாது என்றாலும், அதைத் தயாரித்த சாச்சி அண்டு சாச்சி நிறுவனம் அதன்பின் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயராயிற்று.

அந்த நிறுவனத்தை நடத்திய சகோதரர்களில் மூத்தவரான சார்லஸ் சாச்சி, அடுத்த இருபது ஆண்டுகளில் சமகாலக் கலையிலும் ஏறக்குறைய இதையே செய்தார் என்பது என் வாசிப்பு. விரல்விட்டு எண்ணக்கூடிய சில இளம் கலைஞர்களை ஒரு பேரணியாகத் தோன்றச் செய்யும் திறமை அவரிடம் இருந்தது. அவர்களுடைய படைப்புகளை வாங்கியவர் அவர். சொந்தக் கூடத்தில் காட்சிக்கு வைத்தவர் அவர். காட்சிக்குப் பெயர் சூட்டி ஊரையே பேச வைத்தவர் அவர். விலை ஏறியபின் விற்றவரும் அவரே. இந்த நான்கு வேலைகளையும் கலையுலகம் வழக்கமாக நான்கு வெவ்வேறு கைகளில் வைத்திருக்கும். அவை ஒரே கையில் சேர்ந்தபோது கலைஞர்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் என்ன நேர்ந்தது என்பதே இந்த ஆய்வின் பொருள்.

தொழில்

சார்லஸ் 1943 ஜூன் 9 அன்று பாக்தாத்தில் ஈராக்கிய யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். துணி வணிகரான தந்தை நேதன் சாச்சி, நிலைமை மோசமாவதை முன்கூட்டியே உணர்ந்து 1947இல் குடும்பத்தோடு லண்டனுக்குக் குடிபெயர்ந்தார். அங்கும் துணித் தொழிலிலேயே மறுபடி காலூன்றினார். சார்லஸ் படிப்பில் பெரிதாக மின்னவில்லை. 1965இல் பென்டன் அண்டு பௌல்ஸ் நிறுவனத்தின் லண்டன் அலுவலகத்தில் விளம்பர வாசகம் எழுதுபவராகச் சேர்ந்தார். ராஸ் கிரேமரோடு கூட்டுச் சேர்ந்து சொந்தமாக நடத்திய சிறிய ஆலோசனை நிறுவனத்தில்தான், இன்றுவரை பாடப்புத்தகங்களில் இடம்பெறும் அந்தக் கருத்தடை விளம்பரம் உருவானது: நிறைமாத வயிற்றைத் தாங்கி நிற்கும் ஓர் ஆண், ‘கர்ப்பமாவது நீங்கள் என்றால் இன்னும் கொஞ்சம் கவனமாக இருப்பீர்களோ?’ என்று கேட்கும் வாசகம். சுகாதாரக் கல்விக் குழுவுக்காகச் செய்த இந்த விளம்பரத்தில், பின்னாளில் அவர் கலையில் தேடிய எல்லாமே இருக்கின்றன. ஒரே பார்வையில் புரிந்துவிடும் படம், பார்த்தவர் வாய்விட்டுச் சொல்லியே தீரவேண்டிய ஒரு செய்தி, கொஞ்சம் முகம் சுளிக்க வைக்கும் துணிவு.

1970இல் தம்பி மாரிஸோடு சேர்ந்து சாச்சி அண்டு சாச்சியைத் தொடங்கினார். வாடிக்கையாளர்களைச் சந்திப்பது, நிதி திரட்டுவது, பிற நிறுவனங்களை வாங்குவது எல்லாம் தம்பியின் பொறுப்பு. சார்லஸோ ஆள் முன்னே வராதவர். வாடிக்கையாளர்களைத் தவிர்த்தார், பிற்காலத்தில் தம் சொந்தக் கண்காட்சிகளின் தொடக்க விழாக்களுக்குக்கூடப் போகாமல் இருந்தார். நிறுவனம் ஒன்றன்பின் ஒன்றாக மற்ற நிறுவனங்களை விழுங்கி வளர்ந்தது. 1986இல் அமெரிக்காவின் டெட் பேட்ஸ் நிறுவனத்தை 45 கோடி டாலருக்கு வாங்கியபோது உலகின் மிகப்பெரிய விளம்பரக் குழுமமாயிற்று. அடுத்த ஆண்டே பிரிட்டனின் பெரிய வங்கிகளுள் ஒன்றான மிட்லண்ட் வங்கியை வாங்கும் எண்ணத்தோடு அதன் கதவைத் தட்டியபோது, நகரின் நிதி வட்டாரம் சிரித்தது. 1987 அக்டோபரில் பங்குச் சந்தை சரிந்தது; கடனும் வாங்கிய நிறுவனங்களுக்குத் தவணையாகத் தரவேண்டிய தொகைகளும் கழுத்தை நெரித்தன. 1994 டிசம்பரில் சிகாகோவைச் சேர்ந்த முதலீட்டாளர்கள் முன்னின்று நடத்திய பங்குதாரர் கிளர்ச்சியில் மாரிஸ் தலைவர் பதவியிலிருந்து அகற்றப்பட, சார்லஸும் வெளியேறினார். 1995இல் சகோதரர்கள் எம் அண்டு சி சாச்சி என்ற புதிய நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பிரிட்டிஷ் ஏர்வேஸ் அவர்கள் பின்னாலேயே வந்தது. பெயரின் மதிப்பு கட்டடத்தில் இல்லை, ஆட்களிடம் இருக்கிறது என்பதற்கு விளம்பர உலகம் இன்றும் காட்டும் எடுத்துக்காட்டு இதுதான்.

தொழில் வரலாற்றில் இதற்குமேல் நிற்க வேண்டியதில்லை. கலைச் சேகரிப்பின் போக்கு நிறுவனத்தின் ஏற்ற இறக்கத்தோடு இணைந்தே நடந்தது என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

முதல் சேகரிப்பு

சாச்சியின் முதல் சேகரிப்பை அவருடைய தனி ரசனையாகக் கருதுவது தவறு. பென்டன் அண்டு பௌல்ஸில் அறிமுகமாகி, 1973இல் அவர் மணந்த அமெரிக்கரான டோரிஸ் லாக்ஹார்ட், கலை வரலாறு அறிந்தவர். கலை குறித்து எழுதியவர். டொனால்ட் ஜட், பிரைஸ் மார்டன், சோல் லெவிட் போன்ற அமெரிக்க மினிமலிஸ்ட் கலைஞர்களின் பக்கம் சேகரிப்பு சாய்ந்ததில் அவருடைய பங்கு பெரிது. அலங்காரமற்ற உலோகப் பெட்டிகளையும் ஒற்றை வண்ணப் பரப்புகளையும் வாங்கிக் குவித்த அந்தத் தம்பதியின் சேகரிப்பை, பின்னாளில் அவர் கலைப்படைப்புகளாக வாங்கிக் காட்டிய சுறாவையும் கசங்கிய படுக்கையையும் மட்டும் தெரிந்தவர்கள் பார்த்தால் வேறு யாருடையதோ என்றுதான் நினைப்பார்கள்.

1985இல் வடக்கு லண்டனின் செயின்ட் ஜான்ஸ் வுட் பகுதியில், பவுண்டரி சாலையில் இருந்த பழைய வண்ணப்பூச்சுத் தொழிற்சாலை ஒன்று கலைக்கூடமாக மாறியது. கட்டடக் கலைஞர் மாக்ஸ் கார்டன் ஏறக்குறைய 30,000 சதுர அடிப் பரப்பை வெள்ளையடித்து, வெறுமையாக்கி, கூரை வெளிச்சத்தை உள்ளே விட்டார். ஜட், மார்டன், சை டுவோம்பிளி, ஆண்டி வார்ஹால் ஆகியோரோடு கூடம் திறந்தது. இந்த அளவில் அமெரிக்கச் சமகாலக் கலையை லண்டன் அதற்கு முன் கண்டதில்லை. கல்லூரியிலிருந்து நேராக அங்கே வந்து நின்ற மாணவர்களில் பலர், ஒரு படைப்பு எவ்வளவு பெரிதாக இருக்கலாம், அதைச் சுற்றி எவ்வளவு வெற்றிடம் விடலாம் என்பதை அங்கேதான் கற்றார்கள். வருங்காலத்தில் தாம் வாங்கப்போகும் கலைஞர்களைத் தம் கூடத்தின் மூலம் சாச்சி தம்மை அறியாமலேயே பயிற்றுவித்தார் என்று சொன்னால் அது மிகையாகாது.

இதற்கு முன்பே ஒரு முணுமுணுப்பு எழுந்திருந்தது. 1982இல் லண்டனின் பொதுக் கலை நிறுவனமான டேட் கலைக்கூடம் அமெரிக்க ஓவியர் ஜூலியன் ஷ்னாபெலுக்குக் கண்காட்சி நடத்தியபோது, காட்சிக்கு வந்த ஓவியங்களில் பெரும்பாலானவை சாச்சி தம்பதிக்குச் சொந்தமானவை. டேட்டின் புதிய கலைக்கான புரவலர் குழுவிலும் சார்லஸ் இருந்தார். பொது நிறுவனம் ஒன்றின் சுவர் ஒரு தனியாருடைய உடைமையின் மதிப்பை உயர்த்துகிறது என்ற குற்றச்சாட்டை ஜெர்மானியக் கலைஞர் ஹான்ஸ் ஹாக்கே ஓர் ஓவியமாகவே தீட்டினார். விக்டோரியா காலத்து அரச ஓவியங்களின் பாணியில் தாட்சர் வீற்றிருப்பார். பின்னாலுள்ள புத்தக அலமாரியில் இரண்டு பீங்கான் தட்டுகளில் சாச்சி சகோதரர்களின் முகங்கள் இருக்கும். 1984இல் அது டேட்டிலேயே காட்சிக்கு வந்தது. சார்லஸ் புரவலர் குழுவிலிருந்து விலகினார். அதன்பின் அவர் பொது நிறுவனங்களின் குழுக்களில் அமரவில்லை. ஓவியம் குறிபார்த்து எய்த அம்பு இலக்கில் தைத்தது. ஆனால் அதன் விளைவு ஹாக்கே எதிர்பார்த்ததாக இருந்திருக்காது. குழுவில் இருந்தவரை அவர் சிலருக்காவது பதில் சொல்ல வேண்டியிருந்தது. வெளியேறியபின் யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாதவரானார்.

விற்பனை

இத்தாலிய ஓவியர் சாண்ட்ரோ கியாவின் கதை, சாச்சியைப் பற்றிய எந்த உரையாடலிலும் தவறாமல் எழும். 1980களின் நடுவில் தம்மிடமிருந்த கியாவின் ஓவியங்கள் அனைத்தையும் சாச்சி ஒரேயடியாகக் கைவிட்டார். அவரிடம் இருந்தவை ஏழே ஏழு என்றும், அவற்றைக் கியாவின் வணிகர்களிடமே திரும்பக் கொடுத்ததாகவும் பின்னாளில் அவர் விளக்கினார். எண்ணிக்கை எதுவானாலும் செய்தி பரவிய விதத்தில்தான் சேதம் நேர்ந்தது: சாச்சி விட்டுவிட்டார் என்ற பேச்சே கியாவின் சந்தையைக் குலைக்கப் போதுமானதாக இருந்தது.

கலைச்சந்தை இயங்கும் முறையைக் கொஞ்சம் பார்த்தால் இது புரியும். சமகாலக் கலைஞர் ஒருவரின் படைப்புகளில் ஆண்டுக்குக் கைமாறுபவை மிகச் சில. உற்பத்திச் செலவுக்கும் விலைக்கும் தொடர்பில்லை; லாபப்பங்கோ வட்டியோ தரும் பொருளும் அல்ல. யார் வைத்திருக்கிறார், யார் காட்டுகிறார், யார் எழுதுகிறார் என்ற மூன்றிலிருந்தே விலை பிறக்கிறது. அதனால் கலைஞரின் வணிகர்கள் படைப்பைச் சும்மா விற்பதில்லை. நீண்ட நாள் வைத்திருக்கக்கூடியவரைத் தேடித் தருகிறார்கள். விற்பதானால் முதலில் தங்களிடமே வரவேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். பெரிய வாங்குபவர் ஒருவர் ஒரு கலைஞரின் படைப்புகளை மொத்தமாக எடுக்கும்போது அந்த எதிர்பார்ப்பு அவருடைய தனிப்பட்ட பண்பை மட்டுமே நம்பி நிற்கிறது. சாச்சியோ தாம் எதையும் நிரந்தரமாக வைத்திருப்பதாக யாருக்கும் வாக்களித்ததில்லை. அந்த வகையில் அவர் மற்றவர்களைவிட நேர்மையானவர் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் இருபத்தைந்து வயதுக் கலைஞர் ஒருவர் தம் பட்டறையில் இருப்பதையெல்லாம் ஒரே நாளில் வாங்கிக்கொள்ளும் மனிதரிடம் ‘எவ்வளவு நாள் வைத்திருப்பீர்கள்’ என்று கேட்கும் நிலையில் இருப்பாரா என்ன?

1980களின் இறுதியில் மூன்று காரியங்கள் ஒருங்கே நடந்தன. டோரிஸோடு மணவாழ்க்கை முறிந்து 1990இல் விவாகரத்தில் முடிந்தது. நிறுவனம் கடனில் தத்தளித்தது. அமெரிக்கக் கலையின் விலை உச்சத்தைத் தொட்டுக் கீழே வரத் தொடங்கியது. அவரிடமிருந்த மினிமலிஸ்ட் படைப்புகள் சந்தைக்கு வந்தன. கையில் முன்புபோல் பணமில்லாத, ஆனால் வாங்கும் பழக்கத்தை விடமுடியாத ஒருவருக்கு, இன்னும் யாரும் விலை சொல்லாத உள்ளூர் மாணவர்களே பொருத்தமான இலக்கு. இளம் பிரிட்டிஷ் கலைஞர்களை அவர் கண்டெடுத்ததைத் தீர்க்கதரிசனம் என்று போற்றுவோர் உண்டு. தீர்க்கதரிசனத்தில் ஒரு பாதி, அன்றைக்கு அவரால் எளிதில் வாங்க முடிந்தது அதுதான் என்பதே.

சுறா

1988இல் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரி மாணவரான டேமியன் ஹர்ஸ்ட், கிழக்கு லண்டன் துறைமுகப் பகுதியில் காலியாகக் கிடந்த கட்டடமொன்றில் தம் கூட்டாளிகளின் படைப்புகளைச் சேர்த்துக் கண்காட்சி நடத்தினார். அடுத்துவந்த ஆண்டுகளில் அழுகும் மாட்டுத்தலையும் அதில் பிறந்து மின்பொறியில் மடியும் ஈக்களும் அடங்கிய அவருடைய கண்ணாடிப் பெட்டியைச் சாச்சி வாங்கினார். 1991இல் இன்னும் பெரிய ஒன்றுக்குப் பணம் கொடுத்தார். ஹர்ஸ்ட் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து கடற்கரை மீனவர் ஒருவரிடம் சொல்லிவைத்து ஒரு புலிச்சுறாவை வரவழைத்தார். சுறாவின் விலை 6,000 பவுண்ட், மொத்தச் செலவு 50,000 பவுண்ட். உயிரோடிருக்கும் ஒருவரின் மனத்தால் மரணத்தை எண்ணிப் பார்க்க இயலாமை குறித்த நீண்ட தலைப்போடு, நான்கு மீட்டருக்கும் மேற்பட்ட நீளமுள்ள அந்த மீன், ஃபார்மலின் நிரம்பிய தொட்டியில் வாயைப் பிளந்தபடி 1992இல் பவுண்டரி சாலையில் மிதந்தது. நாளேடுகளுக்குக் கொண்டாட்டம்.

மீன் கெடத் தொடங்கியது. சரியாகப் பதப்படுத்தப்படாததால் தோல் சுருங்கி, நீர் கலங்கியது. 1993இல் கூடத்தார் தோலை உரித்து, ஒரு கண்ணாடியிழை அச்சின்மேல் இழுத்துப் போர்த்தினார்கள். அதாவது, அதன்பின் பல ஆண்டுகள் பார்வையாளர்கள் அஞ்சிப் பார்த்தது ஒரு பொம்மைமேல் போர்த்திய தோலை. அந்த நிலையிலேயே 2004இல் அமெரிக்க நிதி முதலீட்டாளர் ஸ்டீவன் கோஹனுக்கு அது விற்கப்பட்டது. விலை அதிகாரபூர்வமாக வெளியிடப்படவில்லை. பத்திரிகைகள் 80 லட்சம் டாலர் முதல் 1.2 கோடி டாலர் வரை எழுதின. 2006இல் ஹர்ஸ்ட் பழைய மீனை எடுத்துவிட்டுப் புதிய சுறாவை வைத்தார். வாங்கியவர் எதை வாங்கினார் என்று கேட்டால், மீனை அல்ல என்பது மட்டும் தெளிவு. 1992இல் உண்டான பரபரப்பின் உரிமைப் பத்திரத்தை வாங்கினார் என்பதே பொருந்தும். அந்தப் பரபரப்பை உண்டாக்கிக் காத்துவைத்திருந்தவர் சாச்சி.

எல்லாமே இப்படிப் பரபரப்புதானா என்றால், இல்லை. கிளாஸ்கோ கலைப்பள்ளியில் 1992இல் பட்டம் பெற்ற ஜென்னி சாவிலின் பெரும் நிர்வாண ஓவியங்களை வாங்கியதோடு, அவர் வேறு கவலையின்றி வரையட்டும் என்று ஊதியம் கொடுத்துப் புதியவற்றையும் தீட்டச் செய்தார் சாச்சி. அந்தப் பட்டமளிப்பு ஆண்டின் ஓவியமொன்று 2018 அக்டோபரில் சதபீஸ் ஏலத்தில் 95 லட்சம் பவுண்டுக்குப் போய், வாழும் பெண் கலைஞருக்கான அன்றைய உச்ச விலையை எட்டியது. ரிச்சர்ட் வில்சனின் ‘20:50’ இன்னொன்று. ஓர் அறை முழுவதும் இடுப்பளவுக்குப் பயன்படுத்திய எஞ்சின் எண்ணெய். நடுவே ஒருவர் மட்டும் போகக்கூடிய, போகப்போகக் குறுகும் உலோகப் பாதை. எண்ணெய்ப் பரப்பு அசைவற்றிருப்பதால் கூரை முழுவதும் அப்படியே தலைகீழாகத் தெரியும். மூக்கில் வாடை ஏறும்வரை அங்கே திரவம் இருப்பதே புலப்படாது. பாதையின் முனையில் நிற்கும்போது கறுப்பு விளிம்பு சட்டையைத் தொட்டுவிடுமோ என்று கைகளை ஒடுக்கிக்கொள்ளத் தோன்றும். 1987இல் கிழக்கு லண்டனின் சிறிய கூடமொன்றில் முதலில் அமைத்த இதை வாங்கி, தம் கூடம் இடம் மாறிய போதெல்லாம் கூடவே எடுத்துச் சென்றார் சாச்சி. விற்று லாபம் பார்க்க வசதியற்ற, பராமரிப்பு மட்டுமே மிஞ்சும் படைப்பு அது. சாச்சி வெறும் வணிகர் என்று முடிவுகட்டுவோர் இந்த அறைக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

‘சென்சேஷன்’

1997 செப்டம்பரில், கடன் சுமையில் இருந்த லண்டன் ராயல் அகாடமி, சாச்சியின் சேகரிப்பிலிருந்து 42 கலைஞர்களின் படைப்புகளை ‘சென்சேஷன்’ என்ற பெயரில் காட்சிக்கு வைத்தது. தலைப்பைப் பாருங்கள்: கலை வரலாற்றுச் சொல் எதுவுமில்லை, காலத்தையோ இயக்கத்தையோ குறிக்கவில்லை, அது ஒரு விளம்பர வாசகம். தம் உறைந்த இரத்தத்தால் மார்க் குவின் வார்த்த சொந்தத் தலை, ஹர்ஸ்ட்டின் சுறா எல்லாம் அங்கே இருந்தன. பெரும் புயலைக் கிளப்பியது மார்கஸ் ஹார்வியின் ஓவியம்: குழந்தைகளைக் கொன்ற மைரா ஹிண்ட்லியின் காவல்துறைப் புகைப்படத்தை, ஒரு குழந்தையின் கைவார்ப்பால் ஒற்றி ஒற்றித் தீட்டியிருந்தார். தொடக்க நாளிலேயே அதன்மீது மையும் முட்டையும் வீசப்பட்டன. கொல்லப்பட்ட சிறுவன் ஒருவனின் தாய் வாசலில் நின்று எதிர்ப்புத் தெரிவித்தார். அகாடமி உறுப்பினர்கள் சிலர் பதவி விலகினார்கள். ஏறக்குறைய மூன்று லட்சம் பேர் கட்டணம் செலுத்திப் பார்த்தார்கள்.

பெர்லினுக்குச் சென்ற காட்சி, 1999 அக்டோபரில் நியூயார்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகத்துக்கு வந்தது. அங்கே சர்ச்சைக்குரியதாக ஆனது கிறிஸ் ஒஃபிலியின் கன்னி மரியாள் ஓவியம். யானைச் சாணமும் பத்திரிகைத் துணுக்குகளும் சேர்த்துச் செய்த அதைக் கத்தோலிக்க நம்பிக்கைக்கு இழிவு என்று கூறிய மேயர் ரூடி ஜூலியானி, அருங்காட்சியகத்துக்கு நகராட்சி தரும் ஆண்டு நிதியான ஏறக்குறைய 70 லட்சம் டாலரை நிறுத்துவதாக அறிவித்தார். அருங்காட்சியகம் வழக்குத் தொடர்ந்தது. நவம்பர் 1 அன்று நீதிபதி நினா கெர்ஷன், கருத்துரிமையைக் காட்டி அருங்காட்சியகத்துக்குச் சாதகமாக இடைக்காலத் தடை வழங்கினார்.

எல்லோரும் இதைக் கருத்துரிமை வழக்காகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது, வழக்கின் நடுவே வெளிவந்த ஆவணங்கள். காட்சிக்கு ஆன செலவில் 1,60,000 டாலர் தருவதாகச் சாச்சியே உறுதியளித்திருந்தார். நிதியளித்தோரில் பெரியவர் அவரே. அருங்காட்சியகம் அதை வெளியில் சொல்லவில்லை. சாச்சியின் படைப்புகளை ஏலத்தில் விற்றுத் தந்திருந்த கிறிஸ்டீஸ் நிறுவனமும் 50,000 டாலர் கொடுத்திருந்தது. ஆக, உடைமையாளர் தம் பணத்தைக் கொடுத்து, பொது நிறுவனத்தின் முத்திரையைத் தம் உடைமைமேல் குத்தச் செய்கிறார்; ஏல நிறுவனம் பக்கத்தில் நிற்கிறது. சட்டப்படி இதில் குற்றம் இல்லை. ஆனால் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் தன்னிடம் வரவிருந்த காட்சியை அந்த நவம்பரிலேயே ரத்து செய்தது. இரவல் பெறும் படைப்புகளைக் காட்சிக்கு வைக்கும்போது உரிமையாளரின் பணத்தையும் தலையீட்டையும் எப்படிக் கையாள்வது என்று அமெரிக்க அருங்காட்சியகச் சங்கம் 2000இல் நெறிமுறைகளை வகுத்தது. அருங்காட்சியகத் துறையின் அன்றாட நடைமுறையில் சாச்சி விட்டுச்சென்ற தடம், ஓவியங்களைவிட இந்த நெறிமுறையில்தான் ஆழமாகப் பதிந்திருக்கிறது.

ஒஃபிலியின் ஓவியத்தைச் சாச்சி பின்னர் விற்றார். அது 2015இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் ஏறக்குறைய 29 லட்சம் பவுண்டுக்கு மறுபடி கைமாறி, 2018இல் நன்கொடையாக நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தை அடைந்தது. ஜூலியானியின் கோபம் அதன் விலையில் எத்தனை சதவீதம் என்று யாராவது கணக்கிட்டால் நன்றாயிருக்கும்.

பிந்தைய ஆண்டுகள்

எல்லா வாசகமும் எடுபடுவதில்லை. 1990களின் இறுதியில் ‘புதிய நரம்புத்தளர்ச்சி யதார்த்தவாதம்’ என்ற பொருள்படும் பெயரில் சாச்சி ஒரு புதிய இயக்கத்தையே அறிவித்து, நூலும் கண்காட்சியும் கொண்டுவந்தார். விமர்சகர்களும் வாங்கவில்லை, கலைஞர்களும் அந்தப் பெயரைச் சுமக்க விரும்பவில்லை, ஓசையில்லாமல் மறைந்தது. பெயர் சூட்டினால் மட்டும் வரிசை நீளாது. நிற்க இருபது பேராவது தாமாக வந்திருக்க வேண்டும்.

2003 ஏப்ரலில் கூடம் தேம்ஸ் கரையிலுள்ள கவுண்டி ஹாலுக்கு மாறியது. அது தாட்சர் அரசு 1986இல் கலைத்த லண்டன் பெருநகர மன்றத்தின் தலைமையகம். தாட்சரை அரியணையேற்ற உதவிய விளம்பரக்காரர் அதே மண்டபத்தில் குடியேறியதில் இருந்த நகைமுரண் யார் கண்ணிலும் படாமல் போகவில்லை. மரப்பலகை வேய்ந்த பழைய அலுவலக அறைகள் அந்தப் படைப்புகளுக்குப் பொருந்தவே இல்லை. தொடக்கக் காட்சி நடத்தப்பட்ட விதம் பிடிக்காத ஹர்ஸ்ட், தம் வணிகரோடு சேர்ந்து 12 படைப்புகளைச் சாச்சியிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டார். கட்டட உரிமையாளர்களோடு எழுந்த தகராறு நீதிமன்றம்வரை போய், 2005இல் கூடம் வெளியேற நேர்ந்தது. இடையே 2004 மே 24 அன்று கிழக்கு லண்டன் கிடங்கொன்றில் பிடித்த தீயில் சாச்சியின் நூற்றுக்கும் மேற்பட்ட படைப்புகள் எரிந்தன. கலைஞர் டிரேசி எமின், பெயர்களைத் தைத்து உருவாக்கிய கூடாரமும், சாப்மன் சகோதரர்கள் ஆயிரக்கணக்கான குட்டிப் பொம்மைகளைக் கொண்டு உருவாக்கிய நரகக் காட்சியும் சாம்பலாயின. பத்திரிகைகள் பலவும் அன்று துக்கப்படுவதற்குப் பதிலாகக் கேலி செய்தன. பரபரப்பை முதலாக்கி வளர்ந்த கலைக்கு, அது அழிந்தபோது பொதுமக்களின் இரக்கம் கிட்டவில்லை.

2008 அக்டோபரில் செல்சியின் டியூக் ஆஃப் யார்க் படைத்தலைமையகக் கட்டடத்தில் 70,000 சதுர அடியில் கூடம் மீண்டும் திறந்தது, நுழைவு இலவசம். முதல் காட்சி சீனக் கலை. 2010இல் இந்தியக் கலையின் முறை வந்தது; ஜிதிஷ் கல்லாட், 1930 மார்ச் 11 அன்று தண்டி யாத்திரைக்கு முந்தைய மாலையில் காந்தி ஆற்றிய உரையை, எலும்பு வடிவில் வார்த்த ஏறக்குறைய 4,500 எழுத்துகளாக அலமாரித் தட்டுகளில் அடுக்கியிருந்தார். ஏற்கெனவே சூடேறிய சந்தைகளுக்குத்தான் இப்போது அவர் போனார். முதல் ஆளாக அல்ல. சுறாக் காலத்து வேகம் தணிந்திருந்தது. 2013இல் தொலைக்காட்சிச் சமையல் நிகழ்ச்சிகளால் புகழ்பெற்ற நைஜெல்லா லாசனுடனான மணவாழ்க்கை, பொது இடத்தில் அவரைத் தாக்கியதற்காகக் காவல்துறையின் எச்சரிக்கையைச் சாச்சி ஏற்றுக்கொண்ட நிகழ்வுக்குப்பின் விவாகரத்தில் முடிந்தது. திரைமறைவிலேயே வாழ்ந்தவரின் பெயர் கலைக்குச் சம்பந்தமில்லாத காரணத்துக்காக உலகெங்கும் அடிபட்டது.

கொடை

சாச்சியை ஒப்பிட்டுப் பார்க்கச் சரியான ஆள் சுவிட்சர்லாந்தின் உலி சிக். ஷிண்ட்லர் மின்தூக்கி நிறுவனத்துக்காக 1980இல் சீனாவில் கூட்டுத்தொழில் அமைத்தவர். 1995 முதல் 1998 வரை அங்கே தூதராக இருந்தவர். சீனச் சமகாலக் கலையை அங்குள்ள எந்த நிறுவனமும் முறையாகச் சேகரிக்கவில்லை என்பதைக் கண்டு, தம் விருப்பு வெறுப்பை ஒதுக்கிவைத்து, தேசிய அருங்காட்சியகம் ஒன்று செய்யவேண்டிய விதத்தில் ஆண்டுவாரியாக வாங்கினார். 2012இல் ஹாங்காங்கின் எம் பிளஸ் அருங்காட்சியகத்துக்கு 1,463 படைப்புகளைக் கொடையாக அளித்து, மேலும் 47 படைப்புகளை 17.7 கோடி ஹாங்காங் டாலருக்கு விற்றார். சிக்கும் சந்தையை உருவாக்கியவர்தான். ஆனால் அவருடைய சேகரிப்புக்கு ஒரு முடிவிடம் இருந்தது. கலைஞர்களுக்கு அது முன்பே தெரிந்திருந்தது.

சாச்சி கொடுக்காதவர் அல்லர். 1998இல் 130 படைப்புகளை ஏலத்தில் விட்டு, கிடைத்த 16 லட்சம் பவுண்டிலிருந்து லண்டன் கலைக்கல்லூரி மாணவர்களுக்கு உதவித்தொகை ஏற்படுத்தினார். மறு ஆண்டு கலை மன்றத்தின் சேகரிப்புக்கு 100 படைப்புகளைக் கொடுத்தார். 2010 ஜூலையில் வந்தது பெரிய அறிவிப்பு: 2.5 கோடி பவுண்டுக்கும் மேல் மதிப்புள்ள 200க்கும் மேற்பட்ட படைப்புகளை நாட்டுக்கே அளிப்பதாகவும், செல்சி கூடம் லண்டன் சமகாலக் கலை அருங்காட்சியகம் என்று பெயர் மாறும் என்றும் சொல்லப்பட்டது. கொடைப் பட்டியலில் வில்சனின் எண்ணெய் அறை இருந்தது, கல்லாட்டின் எலும்பெழுத்துகள் இருந்தன, கசங்கிய விரிப்பும் காலி மதுப்புட்டிகளுமாக டிரேசி எமின் 1998இல் காட்சிப்பொருளாக்கிய அவருடைய சொந்தப் படுக்கையும் இருந்தது. அந்தப் பெயரில் அருங்காட்சியகம் அமையவில்லை. 2019இல் கூடம் அறக்கட்டளையாக மட்டும் மாறியது. சாச்சி 2000இல் 1,50,000 பவுண்ட் கொடுத்து வாங்கிய படுக்கை, 2014 ஜூலையில் கிறிஸ்டீஸ் ஏல மேடைக்கு வந்தது. மதிப்பீடு 8 லட்சம் முதல் 12 லட்சம் பவுண்ட் வரை. சுத்தியல் விழுந்து, கட்டணங்களும் சேர்ந்தபோது தொகை 25,46,500 பவுண்ட். வாங்கிய ஜெர்மானியச் சேகரிப்பாளர் அதை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. டேட்டுக்கு நீண்டகால இரவலாகக் கொடுத்துவிட்டார்.